மந்திரம் இருக்கும் உலகில் எந்திரம் வருமா? மிகுபுனைவு எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூவாயிரம் ஆண்டு வரலாறு கொண்ட ராஜ்ஜியம். முதல் அரசன் வாளோடு குதிரையில் வந்தான். நூறாவது அரசனும் அதே வாளோடு, அதே மாதிரிக் குதிரையில்தான் வருகிறான். ஏன் எதுவும் மாறவில்லை என்று கேட்டால், "அங்கேதான் மந்திரம் இருக்கிறதே, எந்திரம் எதற்கு?" என்பார்கள். மிகுபுனைவில், அதாவது ஃபேன்டசி கதைகளில், அதிகம் கண்ணில் படும் தவறு இதுதான். மந்திரம் இருப்பதாலேயே எந்திரம் வராமல் போகாது. அந்த மந்திரம் எத்தனை பேருக்குக் கைவரும், ஒரு தடவை செய்ய என்ன செலவாகும் என்பதைப் பொறுத்தே எந்திரம் வரும், அல்லது வராது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 10 லட்சம் பேர் வாழும் நாட்டில் நோய் தீர்க்கும் மந்திரவாதிகள் 200 பேர். ஒருவர் நாளுக்கு மூன்று பேரைக் குணப்படுத்துவார். மொத்தம் 600. கொள்ளைநோய் வந்து ஒரு லட்சம் பேர் படுத்துவிட்டால், கடைசி ஆளுக்கு முறை வர ஐந்தரை மாதம் ஆகும். அதற்குள் பிழைப்பவர் பிழைத்திருப்பார், போகிறவர் போயிருப்பார். ஆகவே அந்த நாட்டில் மூலிகை வைத்தியமும் எலும்பு கட்டுபவரும் இருந்தே தீர வேண்டும். மந்திர வைத்தியம் அரண்மனைக்கும் பணக்காரர் வீட்டுக்கும் மட்டும் போய்ச் சேரும். பல கதைகளில் இந்த 200 என்கிற எண்ணே இருப்பதில்லை. கதைக்குத் தேவைப்படும்போது ஒரு மந்திரவாதி வருவார், தேவை முடிந்ததும் காணாமல் போவார்.

போர்க்களத்திலும் இப்படித்தான். நெருப்பு மழை பொழியும் மந்திரவாதி இருக்கும்போது துப்பாக்கியை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? மந்திரவாதி இல்லாத பக்கத்து நாட்டு அரசன்தான்! இங்கிலாந்தின் நீள்வில் வீரன் சிறுவயதிலிருந்தே பழகியவன். ஆரம்பகாலத் துப்பாக்கி அவன் வில்லைவிட மெதுவாகச் சுட்டது, குறியும் மோசம். இருந்தும் அது நிலைத்ததற்கு ஒரு முக்கியக் காரணம், ஏர் பிடித்தவனைக்கூடக் கொஞ்ச நாளில் சுடப் பழக்கிவிடலாம் என்பது. பிறவியிலேயே அமைய வேண்டிய மந்திரத்துக்கு எதிரே இது இன்னும் பெரிய பலம்.

அடுத்த தவறு கொஞ்சம் நுட்பமானது. ஒரு மந்திரத்தைச் சேர்த்துவிட்டு, அதனால் எதெல்லாம் வராமல் போகும் என்று யோசிக்காமல் விடுவது. மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது இத்தாலியில் தோன்றியது. வயதானபின் எழுத்து மங்கியவர்களுக்கு அது தேவைப்பட்டது, அதனால் கண்ணாடி வில்லை (லென்ஸ்) தேய்ப்பது ஒரு தொழிலாக வளர்ந்தது. 1608இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் லிப்பர்ஹே என்ற மூக்குக்கண்ணாடி செய்பவர் தொலைநோக்கிக்குக் காப்புரிமை கேட்டார். 1610 ஜனவரியில் கலிலியோ அப்படி ஒரு கருவியால் வியாழனின் நிலவுகளைப் பார்த்தார். நுண்ணோக்கியும் இதே வில்லைத் தொழிலிலிருந்து வந்ததுதான்.

சரி, உங்கள் உலகில் மங்கிய பார்வையை எந்த ஊர் மந்திரக்காரியும் இரண்டு காசுக்குச் சரிசெய்துவிடுவாள் என்று வையுங்கள். வில்லை தேய்ப்பவனுக்குப் பிழைப்பே இல்லை. அப்படியானால் மூன்றாம் அத்தியாயத்தில் கப்பல் தலைவன் கையில் தொலைநோக்கி எப்படி வந்தது? வரவே கூடாது என்றில்லை. நகைத் தொழிலாளி ஒருவர் படிகத்தைத் தேய்க்கும்போது தற்செயலாகக் கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் அந்த வழியில் வந்தால் அதன் விலை நகை விலையாக இருக்கும், கடற்படைத் தளபதியிடம் ஒன்றுதான் இருக்கும், அதைத் திருடவும் ஆள் வரும். எனக்கென்னவோ, இந்தக் கதைதான் அசல் கதையைவிடச் சுவாரசியமாகப் படுகிறது.

நீராவி எஞ்சினிலும் இதே சிக்கல் உண்டு. நீராவியால் சுழலும் உருண்டையை அலெக்சாந்திரியாவின் ஹீரோன் முதலாம் நூற்றாண்டிலேயே விவரித்துவிட்டார். யாரும் அதை வேலைக்குப் பூட்டவில்லை. 1712இல் தாமஸ் நியூகோமனின் எஞ்சின் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க வந்தது. அது நிலக்கரியை அள்ளி விழுங்கும் எந்திரம், நிலக்கரி வாசலிலேயே கிடக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் கட்டுப்படியானது. அந்த முரட்டு எந்திரம் அங்கே பல்லாண்டு ஓடியதால்தான் ஜேம்ஸ் வாட் திருத்துவதற்கு ஒன்று இருந்தது. நீர் மந்திரவாதி சுரங்கத்தை மலிவாக வற்றவைத்துவிட்டால் எஞ்சினின் முதல் வேலையே பறிபோகிறது. அப்புறம் ரயிலை எங்கிருந்து கொண்டுவருவீர்கள்?

மந்திரவாதியையும் விஞ்ஞானியையும் பரம எதிரிகளாக வைப்பது பழகிப்போன வழக்கம். நிஜத்தில் நியூட்டன் ரசவாதத்தில் மூழ்கிக் கிடந்தவர். ஹென்னிக் பிராண்ட் என்ற ஜெர்மன் ரசவாதி தங்கம் செய்யும் ஆசையில் சிறுநீரைக் காய்ச்சி 1669இல் பாஸ்பரஸைக் கண்டெடுத்தார். சீனாவில் வெடிமருந்து பிறந்ததும் சாகாமருந்து தேடிய ரசவாதிகள் கையில்தான். மந்திரம் உண்மையிலேயே பலிக்கும் உலகில், அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துக் குறித்து வைப்பவர்தான் முதல் விஞ்ஞானியாக இருப்பார்.

வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்க வேண்டும் என்றால் அதற்கு நியாயமான காரணம் தேடுங்கள். ரகசியம் ஒரு நல்ல காரணம். வெனிஸ் அரசு 1291இல் கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு மாற்றியது. பின்னாளில் அங்குள்ள கைவினைஞர்கள் தொழில் ரகசியத்தோடு வெளியேறக் கூடாது என்று தடையும் இருந்தது. குருவிடமிருந்து ஒரே சீடனுக்குப் போகும் மந்திரம், அந்தச் சீடன் காய்ச்சலில் செத்தால் அதோடு முடிந்தது.

"மந்திரம் பட்டால் எந்திரம் பழுதாகிவிடும்" என்கிற காரணத்தை மட்டும் யோசித்துப் பயன்படுத்துங்கள். கிணற்று ராட்டினமும் எந்திரம்தான், நெம்புகோலும் எந்திரம்தான். உங்கள் மந்திரவாதி நடந்து போகும் தெருவில் கதவுக் கீல் திரும்புமா, திரும்பாதா? வில்லின் நாண் இழுபடுமா? எல்லைக் கோட்டை எங்கே போடுகிறீர்கள் என்று முடிவுசெய்யாமல் அந்த விதியை எழுதினால், இரண்டாம் பாகம் வரும்போது வாசகர்கள் அதைக் கேட்காமல் விடமாட்டார்கள்.