ரோட்டுப் பழக்கத்தை விமான நிலையத்துக்குள் கொண்டுபோகாதீர்கள்

இருபது வருஷம் லாரி ஓட்டியவராக இருந்தாலும், விமான நிலையத்துக்குள் ஸ்டியரிங் பிடிக்கத் தனியாகப் பயிற்சி எடுத்து, தேர்வில் தேறி, ஏடிபி எனப்படும் அனுமதி வாங்கியாக வேண்டும். "டிராக்டரில் நாலு டாலியை, அதாவது சாமான் ஏற்றும் வண்டியை, கட்டி இழுக்க இவ்வளவு அலப்பறையா?" என்று புதிதாக வருபவர்கள் சலித்துக்கொள்வதுண்டு. என்னைக் கேட்டால், ஓட்டத் தெரியாதவரைவிட நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்குத்தான் அந்தப் பயிற்சி அதிகம் தேவை. வெளியே கைகொடுத்த பழக்கம் உள்ளே காலை வாரிவிடும்.

ஹாரனையே எடுத்துக்கொள்ளுங்கள். என்ஜின் இரைச்சலில் விமானிக்கு அது கேட்காது. விமானத்தின் மூக்குக்குக் கீழே ஒட்டி நிற்கும் டிராக்டர் அவர் கண்ணுக்கும் தெரியாது. கை காட்டி, "நீ நில்லு, நான் போறேன்" என்று தீர்த்துக்கொள்ளும் நம்மூர் நாற்சந்தி நியாயம் இங்கே செல்லாது. நகரும் விமானத்துக்குத்தான் வழி. அது போகும்வரை நீங்கள் நிற்க வேண்டும்.

சரி, நிற்கும் விமானம்? அதை அப்படியே நம்புவதும் தவறுதான். உடலின் மேலும் அடியிலும் சிவப்பு விளக்கு மின்னுகிறதென்றால் என்ஜின் ஓடுகிறது, அல்லது ஓடப்போகிறது, அல்லது விமானம் நகரப்போகிறது. பின்னால் போனால் என்ஜின் காற்று காலி டாலியைக்கூடப் புரட்டிப்போடும். முன்னால் போனால் உள்ளே இழுக்கும். 2022 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் மாண்ட்கோமரி விமான நிலையத்தில் ஒரு விமானம் தன் நிறுத்துமிடத்தில் வந்து நின்றுவிட்டது. என்ஜின் ஓடாதபோது மின்சாரம் தரும் அதன் துணை மின் யூனிட் வேலை செய்யாததால், தரை மின்சாரம் இணைக்கும்வரை விமானிகள் என்ஜினை நிறுத்தாமல் வைத்திருந்தார்கள். அருகே வந்த தரைப் பணியாளர் என்ஜினுக்குள் இழுக்கப்பட்டு இறந்தார். அவர் வண்டியில் வரவில்லை, நடந்துதான் வந்தார். ஆனால் அந்த விளக்கு சொல்வது இருவருக்கும் ஒன்றுதான்: அது அணைந்து, சக்கரம் உருளாமல் தடுக்கும் சோக் கட்டையை வைத்த பிறகே நெருங்கலாம்.

இதைவிடப் பெரிய தவறு, அனுமதி இருக்கிறது என்று நாமே நினைத்துக்கொள்வது. ஓடுபாதைக்கு முன்னால் தரையில் நான்கு மஞ்சள் கோடுகள் இருக்கும்: இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்டுப் போட்டது. முழுக்கோடு உங்கள் பக்கம் இருந்தால், விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் டவர் சொல்லாமல் தாண்டக் கூடாது. பக்கத்தில் சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஓடுபாதை எண்ணும் இருக்கும். 2022 நவம்பர் 18 அன்று பெருவின் லிமாவில், தீயணைப்பு வண்டிகள் எவ்வளவு சீக்கிரம் வந்து சேர முடியும் என்று பார்க்கும் பயிற்சி நடந்தது. பயிற்சி நடப்பது டவருக்குத் தெரியும். ஆனால் ஓடுபாதைக்குள் நுழைவதற்கான அனுமதி வேறு. அது கிடைக்காமலே வண்டி உள்ளே போனது. புறப்பட ஓடிக்கொண்டிருந்த ஏர்பஸ் விமானம் அதில் மோதியது. பயணிகள் எல்லோரும் தப்பினார்கள், தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள்.

அதனால்தான் ரேடியோவில் வெறும் "ஓகே" போதாது என்கிறார்கள். டவர் சொன்னதை ஓடுபாதை எண்ணோடு அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சென்னையில் 07/25, 12/30 என்ற இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. அங்கே "ரன்வேயைக் கிராஸ் பண்றேன்" என்று மொட்டையாகச் சொன்னால் எதை என்று யாருக்குத் தெரியும்?

வழி தவறினால் சுற்றிச் சுற்றித் தேடுவதும் ரோட்டுப் பழக்கம்தான். 2014 அக்டோபரில் மாஸ்கோவின் வினுக்கோவோ விமான நிலையத்தில், பனி அள்ளும் வண்டி ஒன்று இரவில் திசை தெரியாமல் ஓடுபாதைக்குள் போய்விட்டது. புறப்பட்ட சிறு ஜெட் அதில் மோத, விமானத்தில் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாவிட்டால் நின்று டவரிடம் சொல்லுங்கள், வெட்கம் வேண்டாம். ஓடுபாதையில் நிற்பதாகத் தெரிந்தால் மட்டும் முதலில் வெளியேறி, அப்புறம் பேசுங்கள். ரேடியோ செத்துவிட்டால் டவரைப் பாருங்கள். விளக்கொளி விட்டுவிட்டுப் பச்சை என்றால் கடக்கலாம், அணையாத சிவப்பு என்றால் நில், மின்னும் சிவப்பு என்றால் விமானம் வருகிறதா என்று பார்த்தபடி அங்கிருந்து விலகு.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பலகையில் போட்டிருக்கும், விமானத்தின் அருகே நடை வேகம். தூக்கக் கலக்கத்தைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2015 டிசம்பரில் கொல்கத்தாவில் ஒரு பயணிகள் பேருந்து, நின்றுகொண்டிருந்த ஏடிஆர் என்ற சிறிய பயணிகள் விமானத்தில் போய் மோதியது. ஓட்டுநர் கண்ணயர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. இரவு ஷிப்டின் கடைசி மணி நேரம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.

விமானத்தை நெருங்குமுன் ஒருமுறை நிறுத்தி பிரேக்கைச் சோதியுங்கள். வழிகாட்ட ஆள் இல்லாமல் பின்னால் எடுக்காதீர்கள், கண்ணாடி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி.

அப்படியும் லேசாக உரசிவிட்டால்? ரோட்டில் என்றால் துடைத்துவிட்டுப் போய்விடுவோம். போயிங் 787 போன்ற விமானங்களின் உடல் உலோகத் தகடு அல்ல, கார்பன் நார்க் கலவை. வெளியே பெயின்ட் கீறல்கூட இல்லாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். பொறியாளர் கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அவரைக் கூப்பிட்டால் விமானம் தாமதமாகும், மேலாளர் கத்துவார், உங்கள் ஏடிபியைக்கூடச் சில நாள் பிடித்து வைக்கலாம். கூப்பிடுங்கள்; அதுவரை வண்டியை இடித்த இடத்திலிருந்து எடுக்காதீர்கள்.