எக்சிட்டர் செயின்ட் ஜேம்ஸ் பார்க்: கால்பந்து பார்க்கச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் கவுண்டியின் தலைநகரான எக்சிட்டரில், வீட்டு வரிசைகளுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே இடுங்கிக் கிடக்கும் செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதானத்தில் எக்சிட்டர் சிட்டி கிளப் 1904ஆம் ஆண்டு முதல் ஆடிவருகிறது. ஏறத்தாழ 8,700 பேர் மட்டுமே கொள்ளும் இந்த இடத்துக்கு முதன்முறையாக வருபவர்களில் பலர், தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய பிரீமியர் லீக் அரங்குகளின் சிறிய நகலாகவே இதை எண்ணிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஒரே எண்ணத்திலிருந்து பிறப்பவை.

முதல் தவறு ஊரையே மாற்றிவிடுவது. இதே பெயரில், 52,000 பேருக்கு மேல் அமரக்கூடிய புகழ்பெற்ற அரங்கம் ஒன்று இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில் நியூகாசிலில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே சாலை வழித் தொலைவு 550 கிலோமீட்டருக்கும் அதிகம். போதாக்குறைக்கு லண்டனிலும் அதே ஒலியுடைய பெயரில் ஒரு பூங்காவும், அதை ஒட்டி ஒரு சுரங்க ரயில் நிலையமும் உள்ளன. ஆங்கிலத்தில் எழுதும்போது நியூகாசில் அரங்கின் பெயரில் ஒரு மேற்குறியும் (அபாஸ்ட்ரஃபி), லண்டன் பூங்காவின் பெயரில் மேற்குறியோடு கூடுதலாக ஓர் எழுத்தும் உண்டு. எக்சிட்டர் கிளப் தன் மைதானத்தின் பெயரில் இரண்டையும் சேர்ப்பதில்லை. தமிழில் எழுதினால் இந்த நுட்பமெல்லாம் மறைந்து மூன்றும் ஒன்றாகிவிடும் என்பதால், டிக்கெட் வாங்கும்போதும் கைபேசி வரைபடத்தில் தேடும்போதும் மைதானத்தின் பெயரை மட்டும் நம்பாமல் ஊரின் பெயரையும் சேர்த்தே தேட வேண்டும். எக்சிட்டருக்குள்ளேயே இன்னொரு குழப்பமும் காத்திருக்கிறது. நகரின் கிழக்கு விளிம்பில் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள சாண்டி பார்க், எக்சிட்டர் சீஃப்ஸ் என்னும் ரக்பி கிளப்பின் மைதானம். வாடகைக் கார் ஓட்டுநரிடம் ‘எக்சிட்டர் மைதானம்’ என்று மட்டும் சொன்னால் அவர் எங்கே கொண்டுபோய் இறக்குவார் என்பது அன்றைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

ரயிலில் வருவதே நல்லது. ஆனால் எந்த நிலையத்தில் இறங்குவது என்பதில் தவறு நேர்கிறது. லண்டன் பாடிங்டனிலிருந்து வரும் ரயில்கள் சுமார் இரண்டு முதல் இரண்டரை மணி நேரத்தில் எக்சிட்டர் செயின்ட் டேவிட்ஸ் நிலையத்தை அடைகின்றன. ஊரின் முதன்மை நிலையம் அதுதான் என்றாலும், அது பள்ளத்தில் இருக்கிறது; மைதானம் மேட்டில் இருக்கிறது. ஏற்றத்தில் ஏறி நடந்தால் அரை மணி நேரம்கூட ஆகலாம். அங்கே இறங்கி வெளியே நடக்கத் தொடங்காமல், எக்ஸ்மவுத் செல்லும் கிளைப் பாதை ரயிலுக்கு மாறினால், எக்சிட்டர் சென்ட்ரலுக்கு அடுத்து, 1906இல் லயன்ஸ் ஹோல்ட் என்ற பெயரில் திறக்கப்பட்ட சிறு நிலையம் வரும். இன்று மைதானத்தின் பெயரையே தாங்கியிருக்கும் அது மைதானத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. லண்டன் வாட்டர்லூவிலிருந்து சால்ஸ்பரி வழியாக வரும் நெடுந்தொலைவு ரயில்கள் பொதுவாக இங்கே நிற்பதில்லை என்பதால், அவற்றில் வருவோர் எக்சிட்டர் சென்ட்ரலில் இறங்கிப் பத்து, பதினைந்து நிமிடம் நடப்பதே எளிது.

காரில் வந்து மைதான வாசலில் நிறுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை ஊர் எல்லையிலேயே விட்டுவிட வேண்டும். சுற்றிலும் இருப்பவை குறுகலான குடியிருப்புத் தெருக்கள். அங்கே வசிப்போருக்கான அனுமதிச் சீட்டு உள்ள வண்டிகளுக்கே பல இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன.

இன்னொரு தவறு பணத்தோடு தொடர்புடையது. ஆட்டப் பருவம் தொடங்கும் முன் வெளியாகும் அட்டவணையைக் கல்வெட்டாக எண்ணி, சனிக்கிழமை மாலை 3 மணி ஆட்டத்துக்கென்று மலிவு விலை ‘அட்வான்ஸ்’ ரயில் டிக்கெட்டைப் பல வாரம் முன்பே வாங்கிவிடுகிறார்கள். அந்த வகை டிக்கெட் குறிப்பிட்ட ஒரே ரயிலுக்குத்தான் செல்லும். தொலைக்காட்சி ஒளிபரப்புக்காக ஆட்டம் நண்பகலுக்கு மாறலாம். எதிரணி கோப்பைப் போட்டியில் அடுத்த சுற்றுக்குப் போனால் செவ்வாய் இரவுக்குத் தள்ளப்படலாம். வீரர்கள் சிலர் தங்கள் நாட்டு அணிக்கு அழைக்கப்பட்டால் முழு ஆட்டமும் ஒத்திவைக்கப்படலாம். குளிர்காலத்தில் தரை உறைந்தோ மழைநீர் தேங்கியோ அன்று காலையில்கூட நடுவர் ஆட்டத்தைக் கைவிடலாம். ஆட்டத்துக்கு முந்தைய வாரத்திலும் பயண நாள் காலையிலும் கிளப்பின் அறிவிப்பைப் பார்ப்பது அவசியம். ஆட்டத்தைத் தங்கும் விடுதியில் தொலைக்காட்சியிலாவது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பதும் சரிவராது: சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் கால்பந்து ஆட்டங்களை நேரலையாக ஒளிபரப்புவதில்லை என்ற பழைய ஏற்பாடு இன்றும் நீடிக்கிறது. மக்கள் வீட்டில் உட்காராமல் இத்தகைய சிறிய மைதானங்களுக்குப் போக வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

டிக்கெட் வாங்கும்போது நிகழும் தவறுதான் உண்மையில் சங்கடத்தில் கொண்டுவிடும். எந்த அணிக்கு ஆதரவு என்பதைப் பொறுத்து நீங்கள் எங்கே நிற்க வேண்டும், எங்கே அமர வேண்டும் என்பது இங்கே தீர்மானிக்கப்படுகிறது. உள்ளூர் ரசிகர் பகுதியில் இடம் காலியாக இருக்கிறது என்பதற்காக எதிரணியின் சட்டையோடு அங்கே நுழைந்தால், பாதுகாப்புப் பணியாளர்கள் வெளியே அனுப்பிவிடுவார்கள். அதற்குள் பக்கத்தில் நிற்பவர்களின் பொறுமையும் தீர்ந்திருக்கும். எந்த அணியையும் சாராமல் வேடிக்கை பார்க்க வருபவர் சாதாரண உடையில் வருவது போதும். ஆனால் பச்சை நிறம் மட்டும் வேண்டாம். எக்சிட்டரின் நிறம் சிவப்பும் வெள்ளையும். அதே கவுண்டியில் இருக்கும் பரம எதிரியான பிளிமவுத் ஆர்கைலின் நிறம் பச்சை. எவரும் அடித்துவிட மாட்டார்கள். ஆனால் தொண்ணூறு நிமிடமும் உங்கள் மேலங்கியைப் பற்றியே பேசுவார்கள். தெருவில் நின்று டிக்கெட் விற்பவரிடம் வாங்குவதையும் தவிர்க்க வேண்டும். கால்பந்து டிக்கெட்டை அனுமதியின்றி மறுவிற்பனை செய்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அப்படிப்பட்ட டிக்கெட் நுழைவாயிலில் செல்லாமலும் போகலாம்.

டிக்கெட்டில் அச்சிடப்பட்டிருக்கும் பகுதிப் பெயர்களைக் கொண்டு வழி கேட்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. விளம்பர ஒப்பந்தங்கள் மாறும்போது அந்தப் பெயர்களும் மாறுகின்றன, ஊர்க்காரர்களோ பழைய பெயர்களையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பெயரை மட்டும் விளம்பரமாக எண்ணிவிடக் கூடாது. ஆடம் ஸ்டான்ஸ்ஃபீல்டு இந்த அணியின் முன்கள வீரர். 2010 ஆகஸ்டில், 31ஆம் வயதில், குடல் புற்றுநோயால் இறந்தார். அவருடைய 9ஆம் எண் சட்டையை ஒன்பது ஆண்டுப் பருவங்களுக்கு எவருக்கும் தருவதில்லை என்று கிளப் முடிவெடுத்தது. ரயில் பாதை ஓரத்தில் 2018இல் எழுந்த புதிய பகுதிக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. 2022-23 பருவத்தில் அவருடைய மகன் ஜே, ஃபுல்ஹாம் கிளப்பிலிருந்து தற்காலிகமாக இங்கே வந்து அதே 9ஆம் எண்ணை அணிந்து ஆடினார். 9ஆம் எண் சட்டையைப் பற்றிப் பக்கத்தில் இருப்பவரிடம் போகிற போக்கில் கேலியாக எதையும் சொல்லிவிடாமல் இருக்க இது தெரிந்திருப்பது நல்லது.

இனி ‘பிக் பேங்க்’. கோல் கம்பத்துக்குப் பின்னால் ஏறத்தாழ 4,000 பேர் நின்றுகொண்டே ஆட்டம் பார்க்கும் கூரையிட்ட படிவரிசை அது. இங்கிலாந்தின் தொழில்முறை லீகில் எஞ்சியிருக்கும் மிகப் பெரிய நிற்குமிடங்களில் ஒன்று. இருக்கை எண் தேடி இங்கே அலைபவர்களை ஒவ்வோர் ஆட்டத்திலும் பார்க்கலாம். ஏன் இருக்கைகள் இல்லை என்பதை அறிந்துகொண்டால் அலைச்சல் மிச்சம். 1989இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நிற்குமிடத்தில் ஏற்பட்ட நெரிசல் 97 உயிர்களைப் பறித்தது. அதை விசாரித்த நீதிபதி டெய்லரின் 1990ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின், மேல் இரண்டு பிரிவுகளில் ஆடும் கிளப்புகள் தங்கள் அரங்கை முழுக்க இருக்கைகளாக மாற்ற வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. கீழ்ப்பிரிவுகளுக்கு நிற்குமிடங்களைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ள அனுமதி தொடர்ந்தது. எக்சிட்டர் சிட்டி தன் வரலாற்றில் ஒருமுறைகூட இரண்டாம் பிரிவை எட்டியதில்லை. அணி மேலே ஏறாததால் ரசிகர்களுக்கு நிற்கும் உரிமை மிஞ்சியது என்று சொன்னால் உள்ளூர்க்காரர்கள் சிரித்தபடி ஒப்புக்கொள்வார்கள்.

நிற்குமிடத்தில் இடம் உங்களுடையது அல்ல, முன்னதாக வந்தவருடையது. ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது குடும்பத்தோடு உள்ளே வந்தால், நடுப்பகுதி நிறைந்திருக்கும். குழந்தைகளுக்கு முன்னால் நிற்பவரின் முதுகு மட்டுமே தெரியும். சிறுவர்களோடு வருபவர்கள் அரை மணி நேரம் முன்பே வந்து முன்வரிசையைப் பிடிக்க வேண்டும், இல்லையேல் இருக்கை உள்ள பகுதிக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். படிகளுக்கு இடையே வண்ணம் பூசிய நடைபாதைகளில் நிற்பது, இரும்புத் தடுப்புகளின் மேல் ஏறி உட்காருவது, அவற்றில் பையைத் தொங்கவிடுவது ஆகியவை சிறு விஷயங்களாகத் தோன்றலாம். கூட்டத்தின் அழுத்தத்தைத் தாங்குவதற்காகவே அந்தத் தடுப்புகளும், அவசரத்தில் வெளியேறுவதற்காகவே அந்த நடைபாதைகளும் இருக்கின்றன. பணியாளர் நகரச் சொன்னால் வாதிடாமல் நகர்ந்துவிடுங்கள்.

மது விஷயத்தில் வெளியூர்க்காரர்கள் குழம்புவதில் வியப்பில்லை. இதே எக்சிட்டரின் சாண்டி பார்க்கில் ரக்பி பார்ப்பவர் பீர்க் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டே ஆட்டத்தை ரசிக்கலாம். செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் அதையே செய்தால் குற்றம். கால்பந்துக்கு மட்டும் உரிய 1985ஆம் ஆண்டுச் சட்டம், ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் ஆட்ட நேரத்தில் மது அருந்துவதையும், மதுவோடு உள்ளே நுழைவதையும், குடித்து நிலைதவறிய நிலையில் உள்ளே வருவதையும் தடைசெய்கிறது. மைதான மதுக்கூடத்தில் வாங்கியதை அங்கேயே முடித்துவிட்டு வர வேண்டும். புகை கக்கும் வண்ணக் குச்சிகளும் பட்டாசும் அவ்வாறே தடைசெய்யப்பட்டவை. கோல் விழுந்த மகிழ்ச்சியில் ஆடுகளத்துக்குள் ஓடுவது 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனிக் குற்றம். சில நொடி உற்சாகம் பல ஆண்டுகள் எந்த மைதானத்திலும் கால் வைக்க முடியாத தடையில் முடியக்கூடும்.

சட்டத்தில் இடம்பெறாத, ஆனால் இங்கே எளிதில் மன்னிக்கப்படாத ஒரு தவறும் உண்டு: ‘இது யாருடைய கிளப்’ என்று கேட்டு, ஏதோ ஒரு கோடீஸ்வரரின் பெயரை எதிர்பார்ப்பது. 2002 ஜூனில் பாடகர் மைக்கேல் ஜாக்சன் இந்தச் சிறிய மைதானத்துக்கு வந்து கூட்டத்தில் பேசினார். அப்போது கிளப்பின் நிர்வாகத்தில் இருந்த, கரண்டி வளைக்கும் வித்தைக்காரர் யூரி கெல்லரின் ஏற்பாடு அது. அந்த விழாவுக்கு அடுத்த ஆண்டே அணி தொழில்முறை லீகிலிருந்து கீழ்மட்டப் போட்டிக்கு இறங்கியது, கடன் கழுத்தை நெரித்தது. அப்போது ரசிகர்களின் அறக்கட்டளை கிளப்பைப் பொறுப்பேற்றது. 2005 ஜனவரியில், தோற்றவர் வெளியேறும் எஃப்.ஏ. கோப்பைப் போட்டியில் மான்செஸ்டர் யுனைடெட்டை அவர்களுடைய ஓல்ட் டிராஃபோர்டிலேயே 0-0 என்று தடுத்து நிறுத்தி, மறு ஆட்டத்தை இங்கே நடத்திய வருமானம் கடனை அடைக்க உதவியது. 2008இல் லீகுக்குத் திரும்பினார்கள். கிளப்பின் பெரும்பங்கு உரிமை தொடர்ந்து அந்த அறக்கட்டளையிடமே இருந்துவருகிறது. பக்கத்தில் பாஸ்டி (இறைச்சியும் காய்கறியும் அடைத்த பண்டம்) கடித்துக்கொண்டிருக்கும் முதியவர் அதன் உறுப்பினராக இருக்க வாய்ப்பு அதிகம்.

அதேபோல், ‘இந்த மட்டத்தில் நல்ல வீரர் எங்கே இருக்கப்போகிறார்’ என்று உரக்கச் சொல்வதும் நல்லதல்ல. 2024 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் நெதர்லாந்துக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் இங்கிலாந்தின் வெற்றி கோலை அடித்த ஆலி வாட்கின்ஸ் இந்தக் கிளப்பின் இளையோர் பள்ளியில் வளர்ந்தவர். வேல்ஸ் வீரர் ஈதன் அம்பாடு 2016இல் தன் 15ஆம் வயதிலேயே இந்த அணிக்காகக் களமிறங்கினார். 1914 ஜூலை 21 அன்று ரியோ டி ஜெனிரோவில் பிரேசில் தேசிய அணி ஆடிய முதல் ஆட்டமாகக் கருதப்படுவதில் எதிரே நின்றது எக்சிட்டர் சிட்டிதான். பிரேசில் 2-0 என வென்றது. அந்தத் தோல்வியைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஊர் இது.

கடைசியாக, திரும்பும் வழி. மாலை 3 மணி ஆட்டம் 5 மணியை ஒட்டி முடியும். வந்த வழியே பக்கத்திலுள்ள சிறு நிலையத்துக்குத் திரும்பி, குறுகிய நடைமேடையில் நெரிசலில் நின்று, வரும் ரயிலில் ஏற முடியாமல் அடுத்ததற்குக் காத்திருந்து, செயின்ட் டேவிட்ஸில் லண்டன் ரயிலைத் தவறவிடுவது ஆண்டாண்டாக நடக்கும் கதை. இறுதி விசில் ஒலித்ததும் கூட்டத்தோடு எக்சிட்டர் சென்ட்ரலுக்கு நடந்துவிடுங்கள். அங்கிருந்து செயின்ட் டேவிட்ஸ் செல்ல ரயில்கள் கூடுதல், பாதையும் இறக்கம். உங்கள் லண்டன் ரயிலை 6 மணிக்கு முன்பாக மட்டும் பதிவு செய்துவிடாதீர்கள்.