ரிஸ்க் ஆட்டம்: மேசைக்கு ஒரு விதி, ஆன்லைனுக்கு ஒரு விதி

உலக வரைபடத்தில் படைகளை வைத்துப் பகுதிகளைப் பிடிக்கும் பலகை ஆட்டம் ரிஸ்க். அதில் ஆஸ்திரேலியாவுக்கு 4 பகுதிகள்தான். உள்ளே நுழைய ஆசியாவின் சயாம் ஒன்றே வழி, முழுதாகப் பிடித்தவருக்குச் சுற்றுக்குச் சுற்று 2 படை கூடுதல். நேரில் ஆடும்போது இது பெரிய சிக்கலாகாது. "இப்பவே உடைக்கலைன்னா அப்புறம் அவரைப் பிடிக்க முடியாது" என்று பக்கத்தில் இருப்பவர் காதைக் கடிப்பார். ஆன்லைனில் முகம் தெரியாதவர்கள் பேசாமலே ஆடுவதால், ஆஸ்திரேலியாவைப் பிடித்தவர் சத்தமில்லாமல் பெருத்துவிடுவார். விதியை மாற்ற இடமிருந்தால் அங்கே போனஸை 1 ஆக்குங்கள். ஆட்டம் உயிர்பெறும்.

சேர்த்த சீட்டுகளை ஒரு செட்டாகக் கொடுத்துப் படை வாங்கும் கணக்கும் அப்படித்தான். மேசையில் செட்டுக்குக் கிடைக்கும் படை 4, 6, 8, 10, 12, 15 என ஏறிக்கொண்டே போகட்டும். இல்லையென்றால் பகடை உருட்டியே விடிந்துவிடும். கணினி நொடியில் உருட்டிவிடுவதால், ஆன்லைனில் மாறாத மதிப்பே நல்லது. ஒரு செட் சீட்டில் ஆட்டம் கவிழாது.