மூன்று மணி நேரம், கால்குலேட்டர் இல்லாமல்: என்பிடி தேர்வுக்கு ஆன்லைனில் படிப்பவர்கள் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு) எழுதும் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு மே மாத மாலையில் ஒரு அப்பா அழைத்தார். கோயம்புத்தூர்க்காரர், வேலைக்காக இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறது. "பொண்ணு டாக்டருக்குப் படிக்கணும்ங்கிறா சார். ஊர்ல இருக்கிற ஒரு கம்பெனியோட நீட் கோர்ஸ் ரெண்டு வருஷத்துக்கு வாங்கிட்டேன். நீங்க கணக்கு மட்டும் பாத்துக்குங்க" என்றார். நீட் எதற்கு என்று கேட்டேன். "இங்கேயும் மெடிக்கலுக்கு என்ட்ரன்ஸ் இருக்குதுங்களே, எல்லாம் ஒண்ணுதானே?"

ஒன்றே இல்லை. நீட் தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் உண்டு, கணிதம் கிடையாது. தென்னாப்பிரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் கேட்கும் என்பிடி (நேஷனல் பெஞ்ச்மார்க் டெஸ்ட்ஸ்) என்ற தேர்வு நேர்மாறானது. அதில் அறிவியல் பாடம் எதுவுமே இல்லை. ஏகியூஎல் என்ற தாள் ஆங்கிலத்திலோ ஆஃப்ரிகான்ஸிலோ படித்துப் புரிந்துகொள்ளும் திறனையும், அன்றாட எண்களைக் கையாளும் திறனையும் பார்க்கிறது. மேட் என்ற தாள் முழுக்க முழுக்கக் கணிதம். ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். அந்தப் பெண் பள்ளியிலிருந்து வந்து சாப்பிடாமல்கூட, சென்னையில் ஏழு மணிக்குத் தொடங்கும் வகுப்புக்காக இங்கே மூன்றரைக்கே மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து தாவரவியல் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பணத்தை அவர்கள் திரும்பக் கேட்டுப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை.

எனவே முதல் தவறு, எந்தத் தேர்வு என்று பார்க்காமல் படிக்கத் தொடங்குவது. சொல்லக் கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் வருடத்துக்கு இரண்டு மூன்று வீட்டில் பார்க்கிறேன். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு நீட், ஜேஇஇ நினைவு. டர்பனில் நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ நாலு தலைமுறையாக இருப்பவர்களுக்கு மெட்ரிக் நினைவு மட்டும். "மெட்ரிக்கில் நல்ல மார்க் வாங்கினால் போதாதா?" என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். அவர் காலத்தில் போதும். இப்போது சில படிப்புகளுக்குப் போதாது. கேப்டவுன் பல்கலைக்கழக மருத்துவப் படிப்பைப் போன்றவற்றில் மெட்ரிக் மதிப்பெண்ணோடு என்பிடி மதிப்பெண்ணையும் சேர்த்துத்தான் தரவரிசை போட்டு வந்திருக்கிறார்கள். வேறு சில இடங்களில் சேர்ந்த பிறகு எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று தீர்மானிக்க மட்டும் பயன்படுத்துகிறார்கள். சில படிப்புகள் கேட்பதே இல்லை. விதிகள் வருடா வருடம் மாறும். எனவே விண்ணப்பிக்கும் ஒவ்வொரு படிப்புக்கும் அந்த வருடத்துக் கையேட்டைத் திறந்து, ஏகியூஎல் மட்டுமா, மேட்டும் சேர்த்தா என்று பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். மேட் கேட்கும் படிப்புக்கு ஏகியூஎல் மட்டும் எழுதிவிட்டு வந்து நிற்கும் பிள்ளைகள் உண்டு.

அப்புறம் பாஸ், ஃபெயில் கேள்வி. என்பிடியில் பாஸ் மார்க் என்று ஒன்று இல்லை. அடிப்படை, இடைநிலை, தேர்ச்சி என்று மூன்று நிலைகளில் சொல்வார்கள். வாசிப்புக்கு ஒரு மதிப்பெண், எண்ணறிவுக்கு ஒன்று, கணிதத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக வரும். பள்ளியில் எப்போதும் 80 வாங்கும் பிள்ளை இங்கே 62 என்று பார்த்ததும் வீடே இழவு வீடு மாதிரி ஆகிவிடுகிறது. இரண்டையும் ஒப்பிடவே கூடாது.

சரி, படிக்கும் விதத்துக்கு வருவோம். என் அனுபவத்தில் பெரிய சேதம் இங்கேதான்.

என்பிடி தாள்களில் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. இதைச் சொன்னால் பிள்ளைகள் "தெரியும் சார்" என்பார்கள். தெரிந்துகொண்டே, பக்கத்தில் கேசியோவை வைத்துக்கொண்டு ஆன்லைனில் பயிற்சி செய்வார்கள். இந்த நாட்டுக்கென்றே தனி மாடல் விற்கும் அளவுக்கு அந்தச் சின்ன இயந்திரம் இங்கே பள்ளிப்பையோடு ஒட்டிப் பிறந்தது. வகுப்பில், பள்ளித் தேர்வில், மெட்ரிக்கில், எல்லாவற்றிலும் அனுமதி உண்டு. பத்தாம் வகுப்பிலிருந்து விரல் அதற்குப் பழகிவிட்டது. பயிற்சித் தளமும் பதில் கட்டத்தில் எண்ணை இட்டால் சரி என்று பச்சை காட்டும். அந்த எண் மூளையிலிருந்து வந்ததா, கேசியோவிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது.

ஒரு பையனிடம் 52-ன் வர்க்கத்திலிருந்து 48-ன் வர்க்கத்தைக் கழிக்கச் சொன்னேன். 2704, 2304 என்று தட்டித்தான் 400 சொன்னான். விடை சரி. ஆனால் (52 − 48) × (52 + 48), அதாவது 4 × 100 என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஒன்பதாம் வகுப்பில் படித்த காரணிப்படுத்தல்தான். மேட் தாள் கேட்பது இந்தப் பார்வையைத்தான். எண்கள் அழகாகச் சுருங்கும்படிதான் கேள்வி அமைந்திருக்கும், அந்தச் சுருக்கம் கண்ணில் படுகிறதா என்பதுதான் சோதனை. 480-ல் 17.5 சதவீதம் எவ்வளவு? 10 சதவீதம் 48, அதில் பாதி 24, அதிலும் பாதி 12, கூட்டினால் 84. நம் தாத்தாக்கள் கடையில் வாயாலேயே போட்ட கணக்கு. தேர்வுக்கு மூன்று மாதம் முன்பே அந்தக் கேசியோவை அம்மாவின் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்வேன், பள்ளிக்கு மட்டும் எடுத்துப் போகட்டும் என்பேன். முதல் வாரம் அழுகைதான். மூன்றாவது வாரம் வேகம் திரும்பிவிடும்.

அடுத்தது வீடியோ. ஒன்றரை மடங்கு வேகத்தில் நாற்பது நிமிட வீடியோவைப் பார்த்து முடித்தால் படித்த நிறைவு வருகிறது. ஆசிரியர் போடும்போது எல்லாம் புரிகிறது. வீடியோவை மூடிவிட்டு, அதே கணக்கை வெற்றுத் தாளில் முதலிலிருந்து போட்டுப் பார்த்தால் மூன்றாவது வரியில் நின்றுவிடும். அந்த மூன்றாவது வரிதான் அன்றைய பாடம், மற்றதெல்லாம் வேடிக்கை. இதை நான் சொல்லக்கூடாது, என் பிழைப்பே ஆன்லைன் வகுப்புதான். இருந்தாலும் சொல்கிறேன்: ஒரு மணி நேரம் பார்த்தால் இரண்டு மணி நேரம் தாளில் போடுங்கள். முடியாது என்றால் பார்ப்பதைக் குறையுங்கள்.

இன்னொன்று, வீடியோவை நிறுத்தி வைக்கலாம், தேர்வை நிறுத்த முடியாது. ஒரே நாளில் இரண்டு தாளும் எழுதுகிற பிள்ளை ஆறு மணி நேரம் உட்கார வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கைப்பேசியைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு இரண்டாவது மணி நேரத்திலேயே கண் கட்டும். குறைந்தது இரண்டு சனிக்கிழமையாவது காலையில் மூன்று மணி நேரம், சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணி நேரம் என்று வீட்டில் ஒத்திகை பார்க்க வேண்டும். அன்றைக்கு விருந்தாளி வேண்டாம், பிரியாணியும் வேண்டாம்.

கணக்கில் வலுவான நம் பிள்ளைகள் சறுக்கும் இன்னோர் இடம் எண்ணறிவுப் பகுதி. "இது மேத்ஸ் லிட் பசங்களுக்கானது, நான் கோர் மேத்ஸ்" என்று அலட்சியமாக விட்டுவிடுவார்கள். மேத்ஸ் லிட் என்பது இங்கே பள்ளியில் முழுக் கணிதத்துக்கு (கோர் மேத்ஸ்) பதிலாக எடுக்கும் எளிய, அன்றாடக் கணக்குப் பாடம். ஒரு கேள்வி பாருங்கள்: 15 சதவீத வாட் சேர்த்து ஒரு பொருளின் விலை 230 ராண்ட் என்றால் அதில் வரி எவ்வளவு? நான் கேட்டவர்களில் பாதிப்பேர் 230-ல் 15 சதவீதம் எடுத்து 34.50 என்றார்கள். வரி போட்டது 230-க்கு அல்லவே, அதற்கு முந்தைய விலைக்கு. அது 200, வரி 30. இன்னொன்று: 2018 ஏப்ரலில் இந்த நாட்டில் வாட் 14 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்ந்தது. ஒரு சதவீதம் உயர்ந்தது என்று சொல்லலாமா? ஒரு சதவீதப் புள்ளி உயர்ந்தது; வரி விகிதம் ஏறத்தாழ 7 சதவீதம் உயர்ந்தது. இரண்டும் வேறு. இதில் கணிதம் கொஞ்சம்தான், மீதி எல்லாம் வாசிப்பு. எதில் எத்தனை பங்கு, எதோடு ஒப்பிடுகிறார்கள், வரைபடத்தின் அச்சு சுழியத்தில் தொடங்குகிறதா என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இதற்குச் செய்தித்தாளின் பொருளாதாரப் பக்கத்தைவிட நல்ல பயிற்சி நூல் எனக்குத் தெரியவில்லை.

ஆங்கில வாசிப்புப் பகுதிக்கு வார்த்தைப் பட்டியல் மனப்பாடம் செய்யும் செயலிகளை இறக்கிக்கொள்கிறார்கள். தினம் 30 வார்த்தை, பொருள், எதிர்ப்பதம். அந்தத் தேர்வு அப்படிக் கேட்பதில்லை. ஒரு கட்டுரையைக் கொடுத்து, எழுதியவர் என்ன சொல்ல வருகிறார், இந்தப் பத்தி முந்தைய பத்தியை மறுக்கிறதா, வலுப்படுத்துகிறதா, இந்தச் சொல் இந்த இடத்தில் என்ன பொருளில் வந்திருக்கிறது என்று பார்க்கும். இதற்கு நான் சொல்லும் வழி கொஞ்சம் பழங்காலத்து வழி. ஒரு தலையங்கமோ அறிவியல் கட்டுரையோ எடுத்துப் படித்துவிட்டு, ஆங்கிலம் அதிகம் புழங்காத பாட்டியிடமோ அம்மாவிடமோ அதைத் தமிழில் சொல்ல வேண்டும். ஆங்கிலத்திலேயே திருப்பிச் சொன்னால் புரியாத வாக்கியத்தை அப்படியே ஒப்பித்துத் தப்பித்துவிடலாம். தமிழில் சொல்லும்போது அது முடியாது. எங்கே திக்குகிறதோ அங்கே புரியவில்லை. "அப்படின்னா என்னடா அர்த்தம்?" என்று பாட்டி ஒரு முறை கேட்டால் போதும்.

பழைய வினாத்தாள் விஷயம். இதில் பணம் போகிறது, அதனால் அழுத்திச் சொல்கிறேன். மெட்ரிக்கின் பழைய தாள்கள் மெமோவோடு (விடைக் குறிப்போடு) கல்வித்துறைத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். என்பிடி தாள்களை அந்தத் தேர்வை நடத்துபவர்கள் வெளியிடுவதில்லை; மாதிரிக் கேள்விகள் மட்டும் அதிகாரப்பூர்வத் தளத்தில் உண்டு. எந்தத் தனியார் பயிற்சி வகுப்பையும் அவர்கள் அங்கீகரிப்பதும் இல்லை. எனவே "ஒரிஜினல் என்பிடி பேப்பர், 1,800 ராண்ட்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அது ஒரிஜினலாக இருக்க வழியில்லை. என் மாணவி ஒருத்தியின் வீட்டில் வாங்கினார்கள். பிரித்துப் பார்த்தால் பாதி, இலவச மாதிரிக் கேள்விகள். மீதி எங்கோ இருந்து எடுத்த அமெரிக்கத் தேர்வுக் கேள்விகள், விலைகூட டாலரில். கணிதத்துக்கு சியாவுலா என்ற தென்னாப்பிரிக்க நிறுவனத்தின் பாடநூல்கள் இலவசமாகவே இணையத்தில் இருக்கின்றன, பத்தாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை. மேட் தாள் பள்ளிப் பாடத்திட்டத்துக்கு வெளியே போவதில்லை என்பதால் அந்தப் புத்தகத்தை ஒழுங்காக முடித்தாலே பெரும்பகுதி ஆயிற்று.

டேட்டாவும் கரண்ட்டும் இந்த ஊர்ப் பிரச்சினை. மலிவான நள்ளிரவு டேட்டாவுக்காகப் பன்னிரண்டு மணிக்கு விழித்திருந்து வீடியோ பார்க்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். இறக்கி வைத்துவிட்டுத் தூங்கலாமே! 2023-ல் ஒரே நாளில் பல முறை மின்வெட்டு இருந்தபோது, பாடங்களை அச்செடுத்து வைத்திருந்த பிள்ளைகள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் படித்தார்கள். மற்றவர்கள் அணைந்த ரௌட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை. அதற்காக எல்லாவற்றையும் இணையத்தை நம்பி வைக்காதீர்கள்.

எப்போது எழுதுவது? கடைசி வரை தள்ளிப்போடுவதுதான் பலரின் வழக்கம். செப்டம்பரில் ட்ரையல் தேர்வு (மெட்ரிக்குக்குப் பள்ளி வைக்கும் முன்தேர்வு) வந்துவிடும். பல வீடுகளில் அதே சமயம் புரட்டாசி விரதமும் ஓடும். அக்டோபர், நவம்பரில் மெட்ரிக், நடுவில் தீபாவளி. இந்த நெரிசலில் என்பிடியையும் செருகினால் எதுவும் உருப்படியாக நடக்காது. தேதி கிடைத்தால் ஜூன், ஜூலைக் குளிர்கால விடுமுறையில் எழுதிவிடுவது நல்லது. முதல் முறை சரியாக அமையாவிட்டால் இன்னொரு முறை எழுதவும் நேரம் இருக்கும். ஆனால் பல்கலைக்கழகம் எந்தத் தேதிக்குள் மதிப்பெண் வேண்டும் என்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

தேர்வுக்குப் பதிவு செய்வதில் ஒரு சிக்கல் நம்மவர்களுக்கே உரியது. ஊரிலிருந்து வந்த குடும்பங்களில் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், பள்ளிச் சான்றிதழில் இனிஷியலாக இருக்கும், பல்கலைக்கழக விண்ணப்பத்தில் இரண்டும் இடம் மாறி இருக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பங்களில் வேறு கூத்து. கவுண்டர் கோவெண்டர் ஆனதும் முதலி மூட்லி ஆனதும் பழைய கதை. ஆனால் ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு எழுத்தும் தம்பிக்கு வேறு எழுத்துமாக இன்றைக்கும் இருக்கிறது. மதிப்பெண்ணும் விண்ணப்பமும் ஒரே ஆளுடையது என்று கணினிக்குத் தெரிய வேண்டுமே. பதிவு செய்யும்போது தேர்வுக்குக் கையில் எடுத்துப் போகப்போகிற அடையாள அட்டையை, அல்லது பாஸ்போர்ட்டை, மேசைமேல் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பார்த்து நிரப்புங்கள். அதே எழுத்து, அதே எண் பல்கலைக்கழக விண்ணப்பத்திலும் இருக்கட்டும். பாஸ்போர்ட் புதுப்பித்து எண் மாறியிருந்தால் இரண்டு இடத்திலும் மாற்றுங்கள்.