காசநோய் என்று எண்ணிக் கைவிடப்படும் நிமோனியா: மெலியாய்டோசிஸில் நழுவும் இடங்கள்

மழைக்காலத்தில் காய்ச்சல், இருமலோடு ஒரு சர்க்கரை நோயாளி சேர்கிறார். செஃப்ட்ரியாக்சோன், அசித்ரோமைசின் என்ற இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளும் மூன்று நாள் போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல் மடலில் நிழல், சிலருக்குக் குழியும் உண்டு. சளியில் டிபி கிருமி தெரியவில்லை. பல வார்டுகளில் அடுத்த படி, 'டிபியாகத்தான் இருக்கும்' என்று டிபி மாத்திரை தொடங்குவது. ஆனால் இது மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வரும் மெலியாய்டோசிஸாக இருக்கலாம். அந்த மாத்திரைகள் அதை அசைப்பதில்லை. ரத்தத்தில் கிருமி பரவிவிட்டவருக்கு அந்த ஒரு வாரமே உயிரைப் பறிக்கலாம்.

மெலியாய்டோசிஸை உண்டாக்கும் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லெய் ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிராம் நெகட்டிவ் பாக்டீரியா. 1911-12இல் ரங்கூனில் மருத்துவர் விட்மோரும் அவரோடு பணியாற்றிய கிருஷ்ணசாமியும் இந்த நோயை முதலில் விவரித்தார்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இன்று தொடர்ந்து கண்டறியப்படுகிறது. தேடும் மருத்துவமனைகளில் கிடைக்கிறது, தேடாத இடங்களில் இல்லை என்று தோன்றுகிறது. நோயாளிகளில் சுமார் பாதிப்பேருக்கு நிமோனியாதான் முதல் முகம்.

கேட்காமல் விடும் கேள்விகள்

சர்க்கரை நோய்தான் மிகப் பெரிய அபாயக் காரணி. அதோடு மிகைக்குடி, நாள்பட்ட சிறுநீரக நோய், நாள்பட்ட நுரையீரல் நோய், தலசீமியா (பரம்பரை ரத்த நோய்), ஸ்டீராய்டு மருந்து. 'வயலில் இறங்குவீர்களா, செருப்பில்லாமல் சேற்றில் நடந்தீர்களா, வெள்ள நீரில் நின்றீர்களா' என்று கேஸ் ஷீட்டில் எழுதும் நேரத்திலேயே கேட்க வேண்டும். பெரும்பாலும் 1 முதல் 21 நாளுக்குள் நோய் வெளிப்படும். அரிதாக, கிருமி பல ஆண்டுகள் உடலில் ஒளிந்திருந்தும் கிளம்பும். ஆகவே நகரத்தில் அலுவலக வேலை பார்ப்பவர் என்பதால் ஒதுக்கிவிட முடியாது.

நுரையீரலோடு நின்றுவிடுவது இன்னொரு தவறு. பெரியவர்கள் எல்லோருக்கும் வயிறு, இடுப்புப் பகுதிக்கு சிடி ஸ்கேன் எடுங்கள். மண்ணீரல், கல்லீரல், ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி ஆகியவற்றில் சீழ்க்கட்டி இருக்கக்கூடும். நிமோனியாவோடு மண்ணீரலில் பல சிறு கட்டிகள் தெரிந்தால், கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) முடிவு வருவதற்குள்ளேயே சந்தேகம் வலுக்க வேண்டும்.

ஆய்வகத்தில் தொலையும் கிருமி

உறுதி செய்வது கல்ச்சர் மட்டுமே. அதுவும் பத்துப் பேரில் ஏறத்தாழ ஆறு பேருக்குத்தான் கிருமியைக் காட்டும். அதனால் ரத்தத்தோடு நிறுத்தாதீர்கள்: சளி, சிறுநீர், தொண்டை ஸ்வாப், மலக்குடல் ஸ்வாப், சீழ் இருந்தால் அதுவும் வேண்டும். சிறுநீரில் தொந்தரவே இல்லாவிட்டாலும் சிறுநீரை அனுப்புங்கள். முதல் டோஸுக்கு முன்பே ரத்தம் எடுப்பது முக்கியம். நம் பக்கம் மழைக்காலக் காய்ச்சலுக்கு ஸ்க்ரப் டைஃபஸ் (பூச்சிக்கடியால் பரவும் காய்ச்சல்) என்று டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்குவது வழக்கம். அது இந்தக் கிருமியைச் சற்றே அடக்கி, கல்ச்சரைக் குழப்பிவிடும்.

ஆய்வகச் சீட்டில் 'மெலியாய்டோசிஸ் சந்தேகம்' என்று எழுதுவது மிகச் சிறிய வேலை, ஆனால் பலன் பெரிது. எழுதாவிட்டால் சளியில் வளரும் இந்தக் கிருமி 'சூடோமோனாஸ் வகை' என்றோ, வெளியிலிருந்து கலந்தது என்றோ கழிக்கப்படும். எழுதினால் ஜென்டமைசின் கலந்த ஆஷ்டவுன் அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் போட்டுச் சில நாள் கூடுதலாக வைத்துப் பார்ப்பார்கள். தானியங்கிக் கருவிகள் இதை பர்க்ஹோல்டேரியா செபேசியா என்ற வேறொரு கிருமியாகத் தவறாகப் பெயரிடுவதுண்டு. ஆக்சிடேஸ் என்ற நொதிச் சோதனை பாசிட்டிவ், ஜென்டமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காது, ஆனால் அமோக்ஸிசிலின்-கிளாவுலனேட்டுக்கு அடங்குகிறது என்று வந்தால், கருவி என்ன பெயர் சொன்னாலும் மெலியாய்டோசிஸ் என்றே நடத்துங்கள். கிருமி வளர்த்த தட்டை முகர்ந்து பார்க்கும் பழக்கம் இங்கே ஆபத்து. பாதுகாப்புப் பெட்டிக்குள்தான் கையாள வேண்டும்.

மருந்தில் வரும் பிழைகள்

தொடக்க மருந்து செஃப்டாசிடிம் 2 கிராம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது மெரோபெனம் 1 கிராம் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, நரம்பு வழியாக. இது சிறுநீரகம் இயல்பாக உள்ள பெரியவருக்கான அளவு. சிறுநீரகம் பழுதானால் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். ரத்த அழுத்தம் சரிந்த அதிர்ச்சி (ஷாக்) நிலையில் ஐசியுவில் இருப்பவருக்கு மெரோபெனம்தான் பெரும்பாலோர் தேர்வு. 1989இல் வெளியான தாய்லாந்து ஆய்வில், செஃப்டாசிடிம் கொடுத்தபோது தீவிர நோயில் இறப்பு 74 சதவீதத்திலிருந்து 37 சதவீதமாகப் பாதியாகக் குறைந்தது. 'மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் மருந்துகள் எல்லாம் ஒன்றுதானே' என்று செஃப்ட்ரியாக்சோனிலேயே தொடர்வது பெரும் பிழை. ஆய்வகத்தில் அடங்குவதாகத் தெரிந்தாலும் நோயாளியிடம் அது தோற்கிறது. லெவோஃப்ளாக்சசினையும் நம்ப முடியாது.

அடுத்த பிழை அவசரப்படுவது. சரியான மருந்திலும் காய்ச்சல் இறங்க ஒன்பது நாள் வரை ஆவது சாதாரணம், கட்டிகள் இருந்தால் இன்னும் நீளும். நான்காம் நாளிலேயே மருந்து தோற்றது என்று மாற்றிவிடாதீர்கள். முதலில் வடிக்காத சீழ் எங்கேனும் இருக்கிறதா என்று தேடுங்கள், வாரம் ஒருமுறை ரத்தக் கல்ச்சரைத் திரும்ப எடுங்கள். ஊசி மருந்துக் காலம்: ஒரே மடலில் நின்ற எளிய நிமோனியாவுக்குக் குறைந்தது 2 வாரம். ஐசியு தேவைப்பட்டிருந்தாலோ மார்பு நிணநீர் முடிச்சுகள் வீங்கியிருந்தாலோ 4 வாரம். உள்ளுறுப்பில் கட்டி இருந்தால், கடைசியாகச் சீழ் வடித்த நாளிலிருந்து 4 வாரம். எலும்பில் இருந்தால் 6 வாரம், மூளையில் இருந்தால் 8 வாரம்.

ஊசி முடிந்ததும் காய்ச்சலில்லாமல் வீட்டுக்குப் போகிறவர்தான் அதிகம் தவறவிடப்படுகிறார். அவருக்கு இன்னும் குறைந்தது 3 மாதம் கோட்ரைமாக்சசோல் (சல்ஃபா கலந்த மாத்திரை) பாக்கி இருக்கிறது. 60 கிலோவுக்கு மேல் எடை உள்ளவருக்கு 160/800 மில்லிகிராம் டிஎஸ் (இரட்டை அளவு) மாத்திரை இரண்டு, 40 முதல் 60 கிலோ வரை ஒன்றரை, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. வழக்கமான 'ஒன்று காலை, ஒன்று மாலை' இங்கே போதாது. கூடவே ஃபோலிக் அமிலம். பொட்டாசியம், கிரியாட்டினின், ரத்த அணுக்கள் மூன்றையும் முதல் வாரங்களில் வாராவாரம் பாருங்கள். தோலில் தடிப்பு வந்தால் அன்றே மாத்திரையை நிறுத்தி வரச் சொல்லுங்கள். சல்ஃபா ஒத்துக்கொள்ளாதவருக்கு டாக்ஸிசைக்ளின் அல்லது அமோக்ஸிசிலின்-கிளாவுலனேட் மாற்று.

டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரை முடியும் தேதியை எழுதிக் கொடுங்கள். சர்க்கரை அளவுக்கும் அதே சீட்டில் ஓர் இலக்கு வையுங்கள். அந்தத் தேதிக்கு முன்போ பின்போ காய்ச்சல் திரும்பினால், கல்ச்சர் எடுக்காமல் வேறு ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டாம் என்று உள்ளூர் மருத்துவருக்கும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.