2.1 ஸ்பீக்கர் செட்டுக்கு இரண்டாவது சப்வூபர் பூட்டுவது எப்படி?

2.1 செட் என்றால் இரண்டு சிறிய ஸ்பீக்கரும், பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூபர் பெட்டியும். பத்தடி அறையில் அந்த ஒரேயொரு சப்வூபர் மட்டும் இருந்தால் சுவரோரம் பேஸ் இடிக்கும், நடுவில் கதிரையைப் போட்டு இருந்தால் காணாமல் போகும். அந்த அகலத்துக்குச் சுமார் 57 ஹேர்ட்ஸ் ஒலி இரு சுவர்களுக்கும் இடையில் தேங்கி நிற்பதுதான் காரணம். இரண்டாவது பெட்டி அதைச் சமப்படுத்தும். சத்தம் கூடுவது மேலதிக லாபம்.

வேண்டிய சாமான்கள்: உள்ளேயே அம்ப்ளிஃபயர் உள்ள சப்வூபர், ஒன்றை இரண்டாக்கும் 3.5 மி.மீ. ஸ்ப்ளிட்டர், ஒரு பக்கம் 3.5 மி.மீ., மறுபக்கம் இரட்டை ஆர்.சி.ஏ. (சிவப்பு, வெள்ளை ப்ளக்) உள்ள 3 மீட்டர் கேபிள். ஸ்ப்ளிட்டரின் ஒரு துளையில் மைக் படம் இருந்தால் வாங்காதீர்கள், அது ஹெட்செட்டுக்கானது. பழைய சப்வூபர் என்றால் கூம்பின் விளிம்பை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் ஃபோம் விளிம்பு பொடிப்பொடியாக உதிரும், ரப்பர் தாங்கும்.

1. எல்லா ப்ளக்குகளையும் கழற்றுங்கள். கணினியின் பச்சை ஜாக்கில் (ஒலி வெளிவரும் துளை) ஸ்ப்ளிட்டர், அதன் ஒரு துளையில் பழைய செட், மற்றதில் புதிய கேபிள்.

2. ஆர்.சி.ஏ. முனைகள் புதிய சப்வூபரின் லைன்-இன் (ஒலி உள்ளே வாங்கும் துளை) இடது, வலதுக்குப் போகும். ஒரே துளைதான் உண்டென்றால் இடதை மட்டும் கொடுங்கள். இரண்டையும் ஒன்றாக முறுக்கினால் பழைய செட்டிலும் இடது வலது கலந்து மோனோ ஆகிவிடும்.

சிறிய ஸ்பீக்கருக்குப் போகும் வயரை வெட்டி லைன்-இன்னில் கொடுக்கும் குறுக்குவழி வேண்டவே வேண்டாம். பல செட்களில் அந்த வயரின் பிளஸ், மைனஸ் இரண்டிலும் மின்னழுத்தம் இருக்கும். லைன்-இன் வழியாக ஒன்றை எர்த்தில் தொடுத்தால் அம்ப்ளிஃபயர் ஐ.சி. கருகும்.

3. பெட்டிகளை எதிரெதிர் சுவர்களின் நடுவில் வையுங்கள். புதியதன் குரோஸோவர் (எதற்குக் கீழுள்ள ஒலியைப் பெட்டி எடுக்க வேண்டும் என்று வைக்கும் நொப்) 80 ஹேர்ட்ஸ், வொலியூம் கால்வாசி. பழைய செட்டின் பேஸைச் சற்றுக் குறையுங்கள். அதன் வொலியூம் நொப் புதிய பெட்டியைக் கட்டுப்படுத்தாது. ஆகவே அதை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, சத்தத்தைக் கணினியிலேயே கூட்டிக் குறைக்க வேண்டும்.

4. 60 ஹேர்ட்ஸ் டோன் ஒன்றை மெதுவாக ஓடவிட்டு, கதிரையில் இருந்தபடி, புதிய பெட்டியின் ஃபேஸ் சுவிச்சை (கூம்பு அசையும் திசையை மாற்றுவது) வேறொருவரைக் கொண்டு 0, 180 என மாற்றச் சொல்லுங்கள். பேஸ் கூடக் கேட்கும் பக்கமே சரி.

பாட்டில்லாமலே "ம்ம்ம்" என்று உறுமினால் எர்த் லூப், அதாவது எர்த் வயர்கள் வழியே சுற்றிவரும் மின்சாரம். கணினியும் சப்வூபரும் வேறு வேறு சுவர்ச் சொக்கட்டில் இருக்கும். இரண்டையும் ஒரே மல்டிப்ளக்கில் போடுங்கள். எர்த் முனையை மட்டும் கழற்றாதீர்கள், 230 வோல்ட் விளையாட்டில்லை. இந்த லூப்பை அறுக்கக் கேபிளில் பூட்டும் மலிவான ஐசொலேட்டர் உறுமலோடு அடி பேஸையும் சேர்த்து விழுங்கும்.

ஓரிடத்தில் மட்டும் கிடுகிடுத்தால் அநேகமாக லூவர் யன்னல் கண்ணாடிதான். ரப்பர் துண்டு செருகினால் அடங்கும். உப்புவெளிப் பக்கம் கடலோர வீடுகளில் ஜாக் முனைகள் பச்சை பிடித்துக் கரகரக்கும். கழற்றி, ஐசோப்ரொபைல் அல்கஹோல் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் செருகுங்கள்.