வரியை ஏற்றுவதா, செலவை வெட்டுவதா: மாநில பட்ஜெட் நெருக்கடி விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2009 ஜூலையில் கலிஃபோர்னியா அரசிடமிருந்து பணம் வர வேண்டியிருந்த பலருக்குக் காசோலைக்குப் பதில் ஒரு சீட்டு வந்தது. பார்வைக்குக் காசோலை மாதிரியேதான் இருக்கும். 'இப்போது கையில் பணம் இல்லை, அக்டோபரில் 3.75 சதவீத வட்டியோடு தருகிறோம்' என்பதுதான் அதன் சாரம். வருமான வரியில் கூடுதலாகப் பிடித்ததைத் திரும்பக் கேட்டிருந்த குடும்பங்கள், அரசுக்குப் பொருள் கொடுத்திருந்த சிறு வியாபாரிகள், உள்ளாட்சிகள் என்று ஏறக்குறைய 4,50,000 சீட்டுகள் போயின. மொத்தம் சுமார் 260 கோடி டாலர். பெரிய வங்கிகள் சில முதல் வாரம் அவற்றை வாங்கிக்கொண்டன, அப்புறம் நிறுத்திவிட்டன. சீட்டைக் காட்டி வீட்டு வாடகை கட்ட முடியாது.

பொருளாதார மந்தம் வருவாயை அடித்துப்போட்டது உண்மைதான். ஆனால் சீட்டு அடிக்கும் நிலைக்குக் கொண்டுவந்தது மந்தம் மட்டும் இல்லை. அன்று அங்கே வரியை உயர்த்தவும் சரி, பட்ஜெட்டை நிறைவேற்றவும் சரி, சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். பிப்ரவரியில் போட்ட பட்ஜெட் சில மாதங்களிலேயே ஓட்டை விழுந்து, மறுபடி பேச உட்கார்ந்தபோது, ஒரு தரப்பு வரி என்ற பேச்சையே எடுக்க விடவில்லை. மறு தரப்புக்கு வெட்டு என்றாலே ஆகவில்லை. ஜூலை கடைசி வரை முடிவு வரவில்லை.

மாநில பட்ஜெட் நெருக்கடி பற்றிய விவாதங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு சொற்களில்தான் மாட்டிக்கொள்கின்றன. எந்த வரி, அதைக் கட்டப்போவது யார், எந்தச் செலவு நிற்கும், அது யார் வீட்டில் தெரியும், எந்த ஆண்டில் தெரியும் என்று கேட்காமல் 'வரியா, வெட்டா' என்று மட்டும் பேசுவதுதான் மூலத் தவறு. மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைப்பவை. இந்தச் சண்டை அமெரிக்க மாநிலங்களில் வருடா வருடம் வெளிப்படையாக நடப்பதால், அவற்றை வைத்தே பேசுகிறேன்.

முதலில், நாட்டுக்குச் சொல்லும் வாதத்தை அப்படியே மாநிலத்துக்குச் சொல்வது. 'மந்த காலத்தில் அரசு கடன் வாங்கிச் செலவழிக்க வேண்டும், வரியும் ஏற்றக் கூடாது, வெட்டவும் கூடாது' என்பார்கள். வாஷிங்டனில் உள்ள மத்திய அரசுக்கு அது பொருந்தும். மாநிலங்களுக்கு அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டது. வெர்மான்ட் தவிர மற்ற மாநிலங்கள் எல்லாவற்றிலும் வரவும் செலவும் சமமாக இருக்க வேண்டும் என்று ஏதோ ஒரு வடிவில் சட்டம் இருக்கிறது. சாலை, கட்டடம் கட்டக் கடன் பத்திரம் வெளியிடலாம். ஆசிரியர் சம்பளத்துக்கு அப்படிச் செய்ய முடியாது. ஆகவே வருவாய் குறைந்த ஆண்டில் வரியை ஏற்று, செலவை வெட்டு, சேமிப்பை எடு, மத்திய அரசிடம் கேள் என்ற நான்கு கதவுகள்தான் நேர்மையானவை. 2009-இல் மத்திய அரசு ஊக்கத் திட்டத்தின் கீழ் மாநிலங்களைத் தாங்குவதற்கென்றே 5,360 கோடி டாலர் நிதி ஒன்றை ஒதுக்கியதற்குக் காரணம் இந்தச் சட்டங்கள்தான்.

இந்திய மாநிலங்களின் விவாதத்தை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். இந்தியாவில் மாநிலங்கள் பற்றாக்குறை வைக்கலாம், பொதுவாக மாநில உற்பத்தியில் 3 சதவீதத்தை ஒட்டிய வரம்புக்குள், அதற்கும் மத்திய அரசின் சம்மதம் வேண்டும். மறுபக்கம், 2017-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு ஒரு மாநிலம் தானாக ஏற்றக்கூடிய வரிகள் எரிபொருள், மது, பத்திரப் பதிவு, வாகனம், மின்சாரம் என்று சுருங்கிவிட்டன. அமெரிக்காவில் மாநிலமே வருமான வரியும் விற்பனை வரியும் போடும். ஓரிடத்து வாதத்தை இன்னோர் இடத்தில் தூக்கி வைத்தால் பாதிக்கு மேல் செல்லாது.

அடுத்த தவறு இன்னும் ஆழமானது. வரி உயர்வு பொருளாதாரத்தைப் பாதிக்கும், செலவுக் குறைப்பு பாதிக்காது என்ற எண்ணம். வரி என்றால் நம் பையிலிருந்து போவது கண்ணுக்குத் தெரிகிறது. வெட்டு என்றால் எங்கோ ஓர் அலுவலகத்தில் ஏதோ குறைகிறது என்று தோன்றுகிறது. ஆனால் அரசு செலவழிக்கும் ஒவ்வொரு டாலரும் யாரோ ஒருவரின் வருமானம். 2009-இல் கலிஃபோர்னியா அரசு ஊழியர்களுக்கு மாதம் மூன்று நாள் சம்பளமில்லாக் கட்டாய விடுப்பு கொடுத்தது. சம்பளத்தில் கிட்டத்தட்ட 14 சதவீதம் போயிற்று. இது வரி என்ற பெயரில் வந்திருந்தால் ஊரே கொதித்திருக்கும். அந்த 14 சதவீதம் ஊழியர் வீட்டோடு நிற்கவும் இல்லை. அவர் சாப்பிடப் போகும் கடை, பல் மருத்துவர், குழந்தையை விடும் காப்பகம் என்று அதே ஊரில் அடுத்தடுத்துப் போய் விழுந்தது.

பொருளாதார நிபுணர்கள் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் பீட்டர் ஆர்ஸாக்கும் 2001-இல் எழுதிய ஒரு சிறு ஆய்வறிக்கை இந்த இடத்தைத்தான் தொட்டது. மந்த காலத்தில் மாநிலம் நேரடியாக வாங்கும் பொருளையும் சேவையையும் ஒரு டாலர் வெட்டினால் முழு டாலரும் உள்ளூர்ச் சந்தையிலிருந்து மறைகிறது. வசதியானவர்களிடம் ஒரு டாலர் வரி வாங்கினால், அவர்கள் அதில் ஒரு பகுதியைச் சேமிப்பிலிருந்து கட்டுவார்கள், செலவு அந்த அளவுக்குக் குறையாது. அதனால் அந்த நேரத்தில் வரி உயர்வுதான் குறைந்த அடி என்பது அவர்கள் வாதம். எனக்கு இது சரி என்றே படுகிறது. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு 'எந்த வரியும் நல்லது' என்று தாவுவது இன்னொரு தவறு. இந்த வாதத்தின் உயிரே வசதியானவர்கள் என்ற சொல்லில்தான் இருக்கிறது. விற்பனை வரியை ஏற்றினால், கையில் வருவதை எல்லாம் செலவழித்துத் தீர்க்கும் குடும்பம்தான் வருமானத்தில் பெரிய பங்கை அதற்குக் கொடுக்கும். அந்தக் குடும்பத்திடம் சேமிப்பு இல்லை. அப்போது வரிக்கும் வெட்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

இனி 'வீண்செலவை நிறுத்தினாலே போதும்' என்ற வாதம். கேட்க இதமாக இருக்கும். வீண்செலவு இல்லாத அரசு கிடையாது, அதைத் தேடிப் பிடிப்பதும் வேண்டியதுதான். ஆனால் ஒரு மாநிலத்தின் பணம் போகும் இடங்களைப் பார்த்தால் பள்ளிகள், மெடிக்கெய்ட் என்ற ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடு, கல்லூரிகள், சிறைகள், ஓய்வூதியம் இவைதான் பெரும்பகுதி. அலுவலகக் காகிதச் செலவிலும் அதிகாரிகளின் பயணச் செலவிலும் பெரிய பற்றாக்குறையை அடைக்க முடியாது. கடைசியில் கை பெரிய இடங்களுக்குத்தான் போகும்.

அங்கே ஒரு கணக்கு காத்திருக்கிறது. மெடிக்கெய்ட் செலவில் குறைந்தது பாதியை மத்திய அரசு கொடுக்கிறது. பாதி பெறும் ஒரு மாநிலம் தன் பட்ஜெட்டில் 10 கோடி டாலர் மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் 20 கோடி டாலர் மதிப்புள்ள சிகிச்சையை நிறுத்த வேண்டும். மீதி 10 கோடி மத்திய அரசு அனுப்பியிருக்க வேண்டிய பணம், அது வராமலே போகும். மிசிசிப்பி போன்ற ஏழை மாநிலத்தில் மத்திய அரசின் பங்கு முக்காலுக்கும் மேல். அங்கே அதே 10 கோடியை மிச்சம் பிடிக்க 40 கோடிக்கு மேல் வெட்ட வேண்டியிருக்கும். யார் அதிக ஏழையோ அவர்களுக்கே வெட்டு அதிக நஷ்டம் தருகிறது. 'இவ்வளவு மிச்சம்' என்று ஒரு பக்கம் மட்டும் எழுதும் அறிக்கையைப் பார்க்கும்போதெல்லாம், மறு பக்கம் எத்தனை நோயாளிகள் என்று எழுதாதது எனக்கு உறுத்துகிறது.

வரியைக் குறைத்தால் பொருளாதாரம் வளர்ந்து வருவாய் தானே பெருகும் என்பதும் அடிக்கடி வரும் வாதம். இதற்குக் கான்சாஸ் ஒரு பதில் வைத்திருக்கிறது. 2012-இல் ஆளுநர் (அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் தேர்ந்தெடுக்கும் மாநில அரசின் தலைவர்) சாம் பிரவுன்பேக் வருமான வரியின் உச்ச விகிதத்தை 6.45-இலிருந்து 4.9 சதவீதமாகக் குறைத்தார். பல தொழில் நிறுவனங்களின் உரிமையாளர் வருமானத்துக்கு வரியே இல்லை என்றாக்கினார். மாநிலப் பொருளாதாரத்தின் இதயத்துக்குப் போடும் அட்ரினலின் ஊசி என்று அதை வர்ணித்தார். வாக்களித்த வளர்ச்சி வரவில்லை. நெடுஞ்சாலைக்கான பணத்தை எடுத்து வேறு செலவுக்குக் கட்டினார்கள். 2015-இல் விற்பனை வரியை 6.15-இலிருந்து 6.5 சதவீதமாக ஏற்றினார்கள், மளிகைக்கும் சேர்த்து. தொழில் உரிமையாளருக்கு விட்ட வரியில் ஒரு பகுதி மளிகைக் கடை ரசீதுக்கு வந்து சேர்ந்தது. 2017 ஜூனில் அவருடைய சொந்தக் கட்சியே பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றம், அவருடைய வீட்டோவையும் மீறி அந்த வரிக் குறைப்பின் பெரும்பகுதியை ரத்து செய்தது.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு பாடம் உண்டு. 'பணக்காரர்களிடம் வாங்கினால் தீர்ந்தது' என்பவர்கள் கலிஃபோர்னியாவின் வருவாயைப் பார்க்க வேண்டும். அங்கே உச்சியில் உள்ள ஒரு சதவீதத்தினர் சில ஆண்டுகளில் மாநில வருமான வரியில் பாதியை நெருங்கும் அளவுக்குக் கட்டுகிறார்கள். அதில் பெரும் பங்கு பங்குச் சந்தை லாபத்திலிருந்து வருவது. சந்தை ஏறினால் கஜானா நிரம்பி வழியும், சரிந்தால் அடி தெரியும். அந்த வரி நியாயமானது என்பதே என் கருத்து. ஆனால் நல்ல ஆண்டில் வந்ததில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கும் விதி இல்லாமல் அதை மட்டும் நம்பினால், அடுத்த நெருக்கடியை இப்போதே எழுதி வைப்பது போலத்தான்.

கட்டணங்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதையும் சொல்ல வேண்டும். 'நாங்கள் வரி ஏற்றவில்லை' என்று சொல்லிக்கொண்டே செலவை இன்னொருவர் தலையில் மாற்றிவிடலாம். 2009 நவம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் மாணவர் கட்டணத்தை 32 சதவீதம் உயர்த்த முடிவெடுத்தது. மாநிலத்தின் புத்தகத்தில் அது செலவுக் குறைப்பு. பிள்ளையைப் படிக்க வைக்கும் வீட்டில் அது வரியேதான், அதுவும் ஒரே வயதுக்காரர்கள் மீது மட்டும் விழுந்த வரி.

எல்லாவற்றையும் விட விலை அதிகமான தவறு, முடிவெடுக்காமல் இருப்பதற்குச் செலவே இல்லை என்று நினைப்பது. இல்லினாய் மாநிலத்தில் ஆளுநர் ஒரு கட்சி, சட்டமன்றம் இன்னொரு கட்சி. 2015 ஜூலை 1 முதல் 2017 ஜூலை வரை, இரண்டு வருடத்துக்கு மேல், முழுமையான பட்ஜெட்டே இல்லாமல் அந்த மாநிலம் ஓடியது. நீதிமன்ற உத்தரவுகளின் பேரில் சில செலவுகள் நடந்தன, மற்றவை வரிசையில் நின்றன. 2016 பிப்ரவரியில் சிகாகோ ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் ஊழியர்கள் அனைவருக்கும் பணிநீக்க அறிவிப்பு அனுப்ப வேண்டிய நிலை வந்தது. வீட்டுக்கே போய் முதியோரைக் கவனிக்கும் தொண்டு அமைப்புகளும், போதை மறுவாழ்வு மையங்களும் வேலை செய்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்தன. கட்டாத பில்கள் 1,500 கோடி டாலர் அளவுக்குக் குவிந்தன. தாமதமான பல பில்களுக்கு மாதம் ஒரு சதவீத வட்டி என்பது அந்த மாநிலச் சட்டம். அந்த வட்டி மட்டுமே 100 கோடி டாலரைத் தாண்டியது. எந்த வகுப்பறையிலும், எந்த மருத்துவமனைப் படுக்கையிலும் சேராத 100 கோடி. கடைசியில் வருமான வரியை 3.75-இலிருந்து 4.95 சதவீதமாக ஏற்றித்தான் வெளியே வந்தார்கள், அதுவும் ஆளுநரின் வீட்டோவை மீறி. வரி வேண்டாம் என்று நிறுத்தியவர்களுக்கு வரியும் வந்தது, நடுவில் வெட்டும் நடந்தது, வட்டியும் சேர்ந்தது.

இதன் சின்ன வடிவங்கள் பல மாநிலங்களில் உண்டு. கலிஃபோர்னியா 2010-இல் ஜூன் 30 அன்று போட வேண்டிய சம்பளத்தை ஜூலை 1-க்குத் தள்ளி, ஒரே நாளில் அந்தச் செலவை அடுத்த நிதியாண்டுக்குக் கொண்டுபோனது. அரிசோனா அதே ஆண்டு தன் சட்டமன்றக் கட்டடங்களையே விற்று, அதிலேயே வாடகைக்கு இருந்தது. பேச்சில் இவை 'வரியும் இல்லை, வெட்டும் இல்லை' என்று வரும். உண்மையில் இவை வட்டி போட்ட வரி. கட்டுபவர்கள் அடுத்த ஆண்டு வருபவர்கள், அவ்வளவுதான்.

பற்றாக்குறை எண்ணையும் கல்லில் வெட்டியது போல எடுத்துக்கொள்ளக் கூடாது. 2020 மே மாதம் கலிஃபோர்னியா சுமார் 5,400 கோடி டாலர் பற்றாக்குறை என்று அறிவித்தது, மறு வருடம் மே மாதம் அதே அரசு பெரிய உபரி என்றது. மதிப்பீடு தவறலாம். அதனால் நெருக்கடி ஆண்டில் எடுக்கும் முடிவு, வரியோ வெட்டோ, காலக்கெடு உள்ளதாக இருக்க வேண்டும் என்று வாதிடுவது நல்லது.

அரிசோனாவையே இதற்கும் பார்க்கலாம். செலவை ஏற்கனவே நிறைய வெட்டிவிட்டு, 2010 மே மாதம் அந்த மாநிலம் மக்களிடம் ஒரு கேள்வி வைத்தது. விற்பனை வரியில் டாலருக்கு ஒரு சென்ட் கூடுதல், மூன்று வருடம் மட்டும், மூன்றில் இரண்டு பங்கு கல்விக்கு, மீதி சுகாதாரத்துக்கும் பொதுப் பாதுகாப்புக்கும். வரி உயர்வுக்குப் பேர்போன எதிரிகள் உள்ள மாநிலம் அது. வரி கேட்ட ஆளுநர் ஜேன் புரூவரோ, பொதுவாக வரி உயர்வை எதிர்க்கும் குடியரசுக் கட்சிக்காரர். மக்கள் பெரும் வித்தியாசத்தில் 'சரி' என்றார்கள். 2012 நவம்பரில் அதே ஒரு சென்ட்டை நிரந்தரமாக்கலாமா என்ற கேள்வி வந்தபோது, அதே மாநில வாக்காளர்கள் 'வேண்டாம்' என்றார்கள். 2013 மே 31-ஆம் தேதி, முதலில் சொன்னபடியே, அந்த வரி முடிந்தது.